மீன் வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி

காரைக்கால்காரனிடம் அவன் பெண்டாட்டி, அதுவும் பிள்ளைத்தாச்சியாக இருக்கும் பெண்டாட்டி, "எனக்கு இது வேணும்" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அது கிடைக்கிற வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது. பிள்ளைத்தாச்சியின் ஆசை நிறைவேறாமல் போனால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சைகோன் துறைமுகத்துச் சுங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் ஜூலுக்கும் தெரியும். தொப்பி வைத்துக்கொண்டு, துரைகளோடு பிரெஞ்சில் பேசி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டை கட்டிக்கொண்டு போகிற ஆள்தான். ஆனாலும் காதில் சீழ் என்றால் அவனும் காரைக்கால்காரன்தான்.

அதனால் அவன் பெண்டாட்டி மாதலேன் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த ஜூல், அடுப்படியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால் அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை.

"என்ன புள்ள, ஏன் அழுவுற?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"கடல் பாக்கணும் போல இருக்குங்க."

உண்மை வேறு. வயிற்றில் இருக்கிற பிள்ளை அசையவில்லை. ஐந்து மாதம் முடிந்து ஆறு பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு அன்னாமியப் பெண் ஒருத்தி, அந்த நாட்டுக்காரி, அந்தத் தெருவே 'சீ ஹாய்' என்று, அதாவது அக்கா என்று கூப்பிடுகிறவள், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உதைக்குதா?" என்று நாள் தவறாமல் கேட்பாள். தன் பிள்ளைகள் உள்ளேயிருந்து உதைத்த உதையில் வயிற்றின் மேல் வைத்திருந்த விசிறி எகிறி விழுந்தது என்று காலை வீசி நடித்தும் காட்டுவாள். மாதலேன் சிரித்துத் தலையை ஆட்டுவாள். கன்னியர் மடத்து மருத்துவச்சியும் போன தடவை அதையேதான் கேட்டாள். பிரெஞ்சில் 'உய்', அதாவது ஆமாம், என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் மாதலேன். இல்லை என்று சொன்னால் அவர்கள் அடுத்து என்ன சொல்வார்களோ என்று பயம். குழல் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பது அடுத்த மாதம்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

பெற்ற தாய் பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். தாய் காரைக்காலில் இருக்கிறாள். எழுதிக் கேட்டால் பதில் கப்பல் ஏறி வருவதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் மத்தியான நேரத்தில், மாதலேன் மட்டும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த உதைக்காகக் காத்துக் கிடப்பாள். உதை வராது. வருவதெல்லாம் வாயுதான். அதற்கு ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு மறுபடியும் காத்துக் கிடப்பாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு திரிகிறோமோ என்ற நினைப்பு வந்ததும் அவள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஜூலிடம் சொன்னால் மனுஷன் அன்றைக்கே படுத்துவிடுவான். அதனால் சொல்லவில்லை.

இப்படியாக, இல்லாத ஓர் ஆசை ஜூலின் தலையில் வந்து ஏறியது.

சைகோனில் கப்பல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, மாலுமிகள் குடித்துவிட்டுப் புரளும் சாராயக்கடைகள் இருக்கின்றன. கடல் மட்டும் இல்லை. ஆற்றில்தான் கப்பல்கள் வந்து நிற்கும். கடலைப் பார்க்க வேண்டுமானால் கேப் சேன் ழாக் வரைக்கும் போக வேண்டும். அந்தப் பாதையின் குண்டுகுழியில் மோட்டாரில் போனால் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும் என்று ஆபீசில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். படகில் போகலாமென்றால் அலை. ஜூல் தூக்கம் கெட்டுத் திரிந்தான். பிறகு ஒரு நாள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்கு ஓடிவந்தான்.

"மாதலேன்! கடலுக்கு நாம போக முடியலன்னா என்ன, கடலே இங்க வந்திருக்கு. கிளம்பு!"

விஷயம் இதுதான். மதாம் ஒடெட் என்று ஒரு பிரெஞ்சு விதவை, கப்பல் கப்தானின் மனைவியாக இருந்தவள், கான் ஹொய் பக்கம் காலியாகக் கிடந்த ஓர் அரிசிக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, கண்ணாடித் தொட்டிகள் வைத்து, அதில் கடல் மீன்களை உயிரோடு விட்டு ஊருக்குக் காட்டுகிறாள். தண்ணீரும் கேப் சேன் ழாக் கடலிலிருந்தே பீப்பாய் பீப்பாயாகப் படகில் வருகிறது. அந்தக் கண்ணாடிகள் ஜூலின் ஆபீஸ் வழியாகத்தான் இறங்கின. இத்தனை நாள் இது தன் மரமண்டையில் உறைக்கவில்லையே என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

மாதலேனுக்குப் போகவே மனமில்லை. மீனைப் பார்க்கவா இத்தனை தூரம்? காரைக்காலில் கூடை கூடையாகப் பார்த்தவள் அவள். ஆனால் சொன்ன பொய்க்கு யார் பொறுப்பு? சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். தீப்பெட்டி என்று ஊரில் எல்லோரும் சொல்லும் அந்தச் சின்னக் குதிரை வண்டியை ஜூல் அமர்த்தியிருந்தான். "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று வண்டிக்காரனின் உயிரை எடுத்துவிட்டான். தலையில் கூடை சுமந்து நடந்து போகிற கிழவிகளெல்லாம் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

கிடங்குக்குள் இருட்டாக இருந்தது. பழைய அரிசி வாடையும் உப்பு வாடையும் கலந்து அடித்தது. மூலையில் தண்ணீருக்குக் காற்று ஊதும் இயந்திரம் ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மின்சார விளக்கு. மதாம் ஒடெட் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, அன்னாமியர் போடும் கட்டைச் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்தாள். வாயில் சுருட்டு. "போன்ழூர்" என்று சொல்லிவிட்டு மாதலேனின் வயிற்றை ஒரு தரம் பார்த்தாள்.

உள்ளே நுழைந்த பிறகுதான் ஜூலுக்கு இன்னொரு சங்கதி ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாச்சி எதை உற்றுப் பார்க்கிறாளோ அதன் சாயல் பிள்ளைக்கு வந்துவிடும். மீன்களிலும் நல்ல மூஞ்சி, கெட்ட மூஞ்சி உண்டல்லவா? "நீ இங்கயே நில்லு" என்று அவளை வாசலில் நிறுத்திவிட்டு, முதல் தொட்டியைத் தான் போய் முதலில் பார்த்தான். சுற்றி வந்தான். திருப்தியானதும் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

மாதலேன் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். வௌவால் மீன்கள். வாரம் தவறாமல் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற அதே வௌவால்.

அவளுக்குத் தெரிந்த மீன் எப்போதும் படுத்துக் கிடக்கும். கூடையில் படுத்துக் கிடக்கும், அம்மியோரம் படுத்துக் கிடக்கும், சட்டியிலும் படுத்தேதான் வேகும். ஒரு பக்கத்துக் கண் மட்டும் மேலே பார்க்கும், அதுவும் வெளுத்துப் போயிருக்கும். இங்கே அவை நிமிர்ந்து நின்றன. தண்ணீருக்குள் எதன் மேலும் ஊன்றாமல், எதையும் பிடிக்காமல், நடுவில் நின்றன. ஒன்று அவளை நோக்கித் திரும்பியது. அகலமாக இருந்த மீன் திரும்பியதும் ஒரு கோடாகி, ஏறக்குறைய இல்லாமலே போய், அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கண் மட்டும் மிச்சமிருந்தன. மறுபடி திரும்பியதும் வெள்ளித் தட்டாக விரிந்தது. தான் இத்தனை வருஷமாக மீனைப் பார்த்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

"எப்படி?" என்றான் ஜூல், தானே செய்து வைத்ததைப் போல.

அடுத்த தொட்டிக்கு அவளாகவே நடந்தாள். அங்கே மணலுக்கு ஒரு சாண் மேலே ஒரு கணவாய் மிதந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் முழுக்கச் சேலைக் கொசுவம் காற்றில் அலைகிற மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பில் நிறங்கள் வந்தன. வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். தவிட்டு நிறம் தலையில் தொடங்கி வால் வரை போயிற்று, அதன் பின்னாலேயே கறுப்பு வரிகள் போயின, எல்லாம் அழிந்து ஒரு கணம் வெறும் வெள்ளையாக நின்றது. பிறகு அது அவளைப் பார்த்தது. யாரோ ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை. மாதலேனுக்கு வெட்கமாகிவிட்டது.

"மாதாவே, இதையா நான் வெங்காயம் போட்டு வதக்குனேன்" என்றாள் மெதுவாக.

ஜூல் அதற்குள் மூன்றாவது தொட்டிக்குப் போய்விட்டான். போனவன், "வராத! இந்தப் பக்கம் பாக்காத!" என்று கத்திக்கொண்டு தொப்பியைக் கழற்றிக் கண்ணாடியை மறைத்தான். உள்ளே ஒரு பேத்தை மீன் வயிறு உப்பி, உடம்பெல்லாம் முள்ளாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. தொப்பியின் நிழலைக் கண்டு அது இன்னும் கொஞ்சம் உப்பியது. பின்னால் வந்த அன்னாமியக் குடும்பம் ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டது. மதாம் ஒடெட் வந்து, "முசே, நீங்கள் மீனைப் பயமுறுத்துகிறீர்கள்" என்று தொப்பியைப் பிடுங்கி அவன் தலையில் வைத்தாள்.

பாம்பு மாதிரி இருக்கும் அஞ்சாலை மீனின் தொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டச் சொன்னான். கடல் குதிரைகளைப் பார்க்கச் சொன்னான். அவை வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு சாமி ஊர்வலத்தில் வருகிற மாதிரி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அவள் சொக்கிப்போய் நின்றபோது, "போதும் வா, மூஞ்சி நீளமாயிரும்" என்று இழுத்தான். மாதலேன் அவன் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாள். அஞ்சாலையைக்கூடப் பார்த்துவிட்டாள். கல்லிடுக்கிலிருந்து அது வாயைத் திறந்து திறந்து மூடியதும்கூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. இத்தனையையும் யாரும் பார்க்காத ஆழத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறாரே என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பயம் எங்கோ ஒதுங்கி நின்றது. போய்விடவில்லை, ஒதுங்கி நின்றது.

கடைசித் தொட்டியில் வரி வரியாக, கை நீளத்துக்கு ஒரு சின்னச் சுறா மணலில் படுத்துக் கிடந்தது. தொட்டியின் குறுக்கே ஒரு குச்சி. அந்தக் குச்சியில் நூல் கட்டித் தண்ணீருக்குள் ஏதோ தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், கிழிந்து தேய்ந்த தோல் சுருக்குப்பை மாதிரி இருந்தது.

"இது ஒண்ணுமில்ல, ஏதோ குப்ப. வா போவலாம்" என்றான் ஜூல்.

"நில்லுங்கள்" என்றாள் மதாம் ஒடெட். "மதாம் இதைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் காட்டுவதில்லை." அவள் கைவிளக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு தொட்டியின் பின்பக்கம் போனாள். "இது முட்டை. அதோ படுத்திருக்கிறாளே, அவள் போட்டது. போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சோம்பேறி. உள்ளே குழந்தை இருக்கிறது."

ஜூல் பதறிப்போய் மாதலேனின் கண்ணைப் பொத்த வந்தான். சுறாச் சாயலில் பிள்ளையா? அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நாலு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

விளக்கு அந்தப் பைக்குப் பின்னால் வந்ததும் பழுப்பு நிறம் தேன் நிறமாக மாறியது. உள்ளே எல்லாம் தெரிந்தது. மஞ்சள் கரு ஒன்று உருண்டையாக நின்றது. அதோடு ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் விரலளவு ஓர் உயிர், தலையும் வாலுமாக, புள்ளியாய் இரண்டு கண்ணும் வைத்து, சுருண்டு இருந்தது.

அசையாமல் இருந்தது.

மாதலேன் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தாள். அசையவில்லை. ஒதுங்கி நின்ற பயம் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் திரும்பி வந்தது. "செத்துப் போச்சா?" என்று தமிழிலேயே கேட்டாள். மதாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். "பொறுங்கள்" என்றாள் அவள். "வெளிச்சம் பட்டால் கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளும்."

இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. அன்னாமியக் குடும்பமும் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றது. மாதலேன் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினாள். பாதி மந்திரத்தில் அது நடந்தது.

வால் நெளிந்தது. அவ்வளவுதான். வால் நுனியில் தொடங்கிய ஒரு சின்ன நெளிவு உடம்பு முழுக்க ஓடி, தலைக்கு வந்து, அடங்கியது. பிறகு மறுபடியும். தேன் நிற வெளிச்சத்துக்குள், யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், அது தன்பாட்டுக்கு நெளிந்து, அடங்கி, நெளிந்தது.

அதை அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவள் அடிவயிறு அதைத் தெரிந்துகொண்டது. இந்த நெளிவு அவளுக்குப் புதிதில்லை. மத்தியானம் படுத்திருக்கும்போது வருமே, அதே அளவு, அதே வேகம், ஒரு பக்கத்தில் தொடங்கி ஓடி அடங்கிவிடுமே, அதுதான் இது. அவள் உதைக்காகக் காத்திருந்தாள். விசிறியை எகிறவிடுகிற உதைக்காக. இது வந்தபோதெல்லாம் வாயு என்று வைதுகொண்டு எழுந்து போய் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். பிள்ளை கூப்பிடக் கூப்பிட, அதன் தலையில் கஷாயத்தை ஊற்றியிருக்கிறாள்!

"ஐயோ!" என்றாள் மாதலேன். சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அங்கேயே தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று தேம்பினாள்.

"சொன்னேனே, பாக்காதன்னு!" என்று ஜூல் அலறினான்.

"இல்லங்க. இல்லங்க. அது வாயு இல்லங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "புள்ள அசையவே இல்லன்னு நெனச்சேன். செத்துப்போச்சுன்னு நெனச்சேன். இதுதாங்க. இந்த மாதிரிதாங்க. எத்தன நாளா அசைஞ்சுக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியல. கடல் பாக்கணும்னு நான் சொன்னது பொய்ங்க."

ஜூல் வாயைத் திறந்தபடி நின்றான். முதலில் அவனுக்குப் புரிந்தது கடைசியில் சொன்னதுதான்.

"பொய்யா? அப்ப காதுல சீழு?"

மாதலேன் அழுகைக்கு நடுவே கெக்கலித்துச் சிரித்துவிட்டாள். மற்றதெல்லாம் அவனுக்கு அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அவன் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த பீப்பாயில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இத்தன நாளா ஒண்டியாவா பயந்துக்கிட்டு கெடந்த?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன் மாதலேன்?"

அவள் அவன் தோளில் கையை வைத்தாள். நடந்ததை மதாம் ஒடெட்டுக்கு அவள் தன் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னபோது, அந்த அம்மாள் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். இருமினாள். பிறகு யாரையும் கேட்காமல் போய், கடகடத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் நின்றால் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. முசே, கையை வைத்துப் பாருங்கள்."

கிடங்கு நிசப்தமாகிவிட்டது. ஊரார் முன்னால் பெண்டாட்டியின் வயிற்றில் கை வைக்கிறவனா ஜூல்? அன்றைக்கு வைத்தான். மண்டியிட்டு, தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, கோயிலில் கையேந்துகிற மாதிரி இரண்டு கையையும் வைத்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். மாதலேனின் முகம் மலர்ந்தது.

"இப்ப! இப்ப வந்துச்சுங்க!"

"எனக்குத் தெரியலயே" என்றான் அவன்.

மறுபடி வந்தது. மறுபடியும் அவனுக்குத் தெரியவில்லை. வெளியே தெரிகிற அளவுக்கு அதற்கு இன்னும் பலமில்லை என்று மதாம் சொன்னாள், இன்னும் சில வாரம் ஆகுமாம். ஜூல் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பெரிய சந்தோஷம்தான், அவன் மறுக்கவில்லை. ஆனால் பந்தியில் தன் இலை மட்டும் விட்டுப்போனவன் மாதிரி அவன் முகம் இருந்தது. மதாம் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. வண்டியில் ஏறியதும் ஜூல் வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொல்லவும் மறந்துவிட்டான். கொஞ்ச தூரம் வந்தார்கள். அப்புறம் கேட்டான்.

"எப்படித்தான் இருக்கும் புள்ள அது?"

அவள் சொல்லிப் பார்த்தாள். நெளியும் என்றாள், ஓடும் என்றாள், கூச்சம் மாதிரி, இல்லை, கூச்சம் இல்லை என்றாள். எதுவும் சரியாக வரவில்லை. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். பாலத்தில் ஏறியபோது வண்டி லேசாகக் குலுங்கியது. கீழே ஓடையில் அரிசிப் படகுகள் முட்டிக்கொண்டு கிடந்தன.

திடீரென்று மாதலேன் அவன் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் மல்லாத்தி விரித்தாள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக் கவனித்தாள். இன்னொரு கையின் சுட்டுவிரல் நுனி அவன் உள்ளங்கையைத் தொட்டது. ஓரத்தில் தொடங்கி, சின்னதாக நெளிந்து ஓடி, நடுவில் வந்து அடங்கியது. சற்று நின்றது. மறுபடி நெளிந்தது.

"இப்பவேயா?" என்றான் ஜூல், குரலே எழும்பாமல். "உள்ள இப்ப நடக்குறதா?"

"இப்பவேதாங்க. பேசாம இருங்க."

அவன் பேசாமல் இருந்தான். கையை எடுக்கவில்லை. பாலம் முடிந்து, சந்தைத் தெரு திரும்பி, வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நின்ற பிறகும், உள்ளங்கையை விரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.